குக்கர் விசிலுக்குத் தோற்ற டேப்லெட்

போன வாரம் தோழி கேட்டாள்: "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்டீ, எந்த டேப்லெட்ல சத்தம் நல்லா வரும்?" என்னுடையதை மட்டும் வாங்கிவிடாதே என்று உடனே பதில் போட்டேன். அன்றைக்குத்தான் சர்வீஸ் கடையில் 250 ரூபாய் அழுதுவிட்டு வந்திருந்தேன்.

மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். திரை, பேட்டரி எதிலும் குறையில்லை. ஆனால் இரண்டு ஸ்பீக்கரும் சார்ஜர் சொருகும் பக்கத்திலேயே. படம் பார்க்கப் படுக்கவாட்டில் திருப்பினால் சத்தம் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கையில் பிடித்தாலோ உள்ளங்கை சரியாக அந்த ஓட்டைகளையே அடைக்கும். எங்கள் வீட்டில் இது ஓடுவது சமையலறையில். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் செய்தி வாசிப்பவரின் உதடு மட்டும் அசையும். குக்கர் விசில் அடித்தால் தலைப்புச் செய்தியே போச்சு.

கடைக்காரத் தம்பி ஸ்பீக்கர் வலையை பிரஷ்ஷால் தட்டியதும் கோதுமை மாவு உதிர்ந்தது. "அக்கா, ரெண்டு சப்பாத்திக்குத் தேறும்" என்றார். சரி, பாதித் தப்பு என்னுடையது. சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. கொஞ்சம்தான்.

என் தம்பியிடம் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 இருக்கிறது. 2020 மாடல், பக்கத்துக்கு இரண்டாக 4 ஸ்பீக்கர். இரண்டையும் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து ஒரே செய்தியை முழு வால்யூமில் ஓடவிட்டேன். என்னுடையது கூடத்தைத் தாண்டவில்லை. அவனுடையது வாசற்படியில் செருப்பு மாட்டும்போதும் கேட்டது. அதிலுள்ள டால்பி அட்மாஸ் என்ற ஒலி வசதியைப் போட்டதும் பேச்சு இன்னும் தெளிவு. அதற்காக 4 ஸ்பீக்கர் என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்று கணக்குப் போடாதீர்கள். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் சுமார் 10 கூட வேண்டும். அதற்குப் பவர் பத்து மடங்கு ஏற வேண்டும். எத்தனை ஸ்பீக்கர் என்பதைவிட எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஐபேடிலேயே 2021-இல் வந்த 9-ஆம் தலைமுறையில் இரண்டும் ஒரே பக்கம்தான். 2022-இல் வந்த 10-ஆம் தலைமுறையில் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தார்கள், கையோடு ஹெட்போன் துளையையும் எடுத்துவிட்டார்கள். காது மந்தமான அம்மாவுக்கு அதுதானே முதலில் வேண்டும்!

சத்தத்தைக் கூட்டும் ஆப் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது எவர்சில்வர் தாம்பாளம். ஸ்பீக்கர் பக்கம் கீழே வருகிற மாதிரி அதில் நிறுத்திச் சுவரில் சாய்த்தால், சத்தம் தட்டில் பட்டு என் பக்கம் திரும்புகிறது.

தோழியை டேப் ஏ7 மாதிரி 4 ஸ்பீக்கர் வைத்ததாகப் பார்க்கச் சொன்னேன். "அப்ப உன்னோடதை வித்துடேன்" என்றாள். விற்கிறதா இல்லை. நேற்று ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது. இறக்கி வைத்திருந்த பாட்டு ஒன்றைப் போட்டேன், பக்கத்து அறையிலிருந்து மாமியார் கத்தினார், "ஏம்மா, சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்!"