பட்டறையில் மாட்டிய லவுட் ரிங்கர்: ஒரே மணியில் நின்றுபோகும் தொல்லை

காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர், "உங்க லேத் பட்டறையில மாட்டியிருக்கிற அந்தப் பெல்லு எப்படிங்க? வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நல்லது. லேத்தும் போரிங் மெஷினும் ஓடும்போது ஆபீஸிலிருந்து இன்டர்காம் அடித்தால் யாருக்கும் கேட்காது. அதற்காகத்தான் போன் ஒயரிலேயே இந்த லவுட் ரிங்கரை, அதாவது போன் வந்தால் பெரிய சத்தத்தில் அடித்து விளக்கையும் மின்னவைக்கும் பெல்லை, மாட்டினேன். ரிங்கரின் சத்தத்தைவிட அதன் சிவப்பு விளக்குதான் எனக்குப் பிடித்துப்போனது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஆளும் அந்த மின்னலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். இதை எதிர்பார்த்து நான் வாங்கவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். ஐப்பசி மழை பிடித்தால் போதும், ரிங்கர் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு நின்றுவிடும். அடித்தவர் காதில் யாரோ போனை எடுத்தமாதிரி இருக்கும். "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். வாரண்டியில் வேறொன்று மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு அதற்கும் அதே வியாதி. வந்து பார்த்த மெக்கானிக், "எக்ஸ்டென்ஷன் கார்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குள் இருந்து ஒவ்வொரு இன்டர்காம் போனுக்கும் (அதுதான் எக்ஸ்டென்ஷன்) லைன் கொடுக்கும் போர்டுதான் அந்தக் கார்டு. கார்டு விலையைக் கேட்டதும், நானே மல்டிமீட்டரை எடுத்துவிட்டேன்.

ரிங்கரைக் கழற்றிவிட்டு அந்த எக்ஸ்டென்ஷனுக்கு அடித்தால் போன் ஒழுங்காக அடிக்கிறது. போனைக் கழற்றிவிட்டு ரிங்கரை மட்டும் மாட்டினால் ஒரு மணி, கட். ஆக, கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து, யாரும் பேசாதபோது ஒயரில் டிசி வோல்ட் பார்த்தேன். ரிங்கர் இல்லாமல் 48 காட்டியது, மாட்டினால் சில வோல்ட் இறங்கியது. அப்படி இறங்கவே கூடாது. ரிங்கருக்குள் வரிசையில் ஒரு கண்டென்சர் இருக்கிறது. மணி அடிக்கவைக்கும் ஏசியை உள்ளே விட்டு, டிசியைத் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. அது வழியாக டிசி கசிந்தால் எக்ஸ்சேஞ்ச் அதை ரிசீவர் தூக்கியதாக எடுத்துக்கொண்டு மணியை நிறுத்திவிடும். சும்மா இருக்கும்போது கசிவு கொஞ்சம்தான். மணி அடிக்கும்போது 48 வோல்ட் டிசியின் மேல் 75 வோல்ட் ஏசியும் ஏறி, உச்சத்தில் 150ஐத் தொடும். ஈரம் இறங்கிய மட்டமான கண்டென்சர் அந்த நேரத்தில்தான் காலை வாருகிறது.

திறந்து பார்த்தால் 250 வோல்ட் கண்டென்சர், அதைச் சுற்றிப் பழுப்பேறிய போர்டு. கணக்குக்கு 250 போதும்தான். பட்டறைக்குள் எண்ணெய்ப் புகையும் ஈரமும் இருப்பதும் உண்மைதான், கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆனாலும் இத்தனை விலை வாங்கிக்கொண்டு, மூடிக்கு ஒரு ரப்பர் வாஷர்கூட வைக்காதவர்களை என்ன சொல்வது? அதே 1 மைக்ரோஃபாரடில் 400 வோல்ட் பாலியெஸ்டர் வாங்கிப் பற்றவைத்தேன். ஒரு டீ, வடைக்கு ஆகும் காசுதான். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொல்லை இல்லை.

நண்பருக்கு இரண்டு எச்சரிக்கை. டிஜிட்டல் கீ போன் (எக்ஸ்சேஞ்ச் கம்பெனியே தரும் பல பட்டன் போன்) மாட்டும் போர்ட்டில் இது வேலை செய்யாது, அங்கே மணி வோல்ட்டே வராது. சாதாரண போன் மாட்டும் அனலாக் எக்ஸ்டென்ஷன் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், வெளியிலிருந்து வரும் நேர் லைனில் மாட்டுவதாக இருந்து, அது ஃபைபருக்கு மாறியிருந்தால், மோடத்தின் போன் போர்ட் தரும் மணி வோல்ட் பெரும்பாலும் பழைய செம்பு லைனைவிடக் குறைவு. முதலில் மோடம் பக்கத்திலேயே மாட்டி, சத்தம் முழுசாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆலைக்குள் ஒயர் இழுக்கட்டும்.

மற்றபடி, இந்தக் கம்பெனிக்கு இன்னொரு ரூபாய் கொடுக்கவே எனக்கு மனசில்லை. பின்பக்க ஷெட்டுக்கு இதிலேயே ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், கண்டென்சரையும் கூடவே வாங்கி வைத்தாயிற்று.