இயற்கைச் சட்டமா, இயற்றிய சட்டமா?

சட்டம் படிக்கும் என் அக்கா மகன் காட்பாடி ஸ்டேஷனில் வைத்துக் கேட்டான்: "மாமா, அநியாயமான சட்டமும் சட்டம்தானா?" இயற்கைச் சட்டக் கட்சி "இல்லை" என்கிறது, இயற்றிய சட்டக் கட்சி "ஆமாம்" என்கிறது. ரெண்டு கட்சியிலும் நியாயம் இருப்பதாகப் பட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறான்.

எங்கிருந்து வருகிறது?
இயற்கைச் சட்டம்: மனித இயல்பிலிருந்தும் பகுத்தறிவிலிருந்தும். புவியீர்ப்பு மாதிரி விதி என்று நினைக்காதீர்கள். நல்லதைச் செய், தீயதை விலக்கு என்பதுதான் 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ் வைத்த அடிப்படை.
இயற்றிய சட்டம்: அதிகாரம் உள்ளவர் முறைப்படி போட்டதிலிருந்து. பெந்தம், ஆஸ்டின் போன்ற ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர்கள் எல்லாம் இந்தப் பக்கம்.

தெளிவு?
இயற்றியது: பிரிவு எண்ணைக் காட்டிவிடலாம்.
இயற்கை: ஆளுக்கொரு இயல்பு சொல்வார்கள். அரிஸ்டாட்டிலே சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றார்.

நெருக்கடியில்?
நம்ம வேலூர்க் கோட்டையையே எடுங்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்டு என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த ஆணை மேலிடத்திலிருந்து முறைப்படி வந்ததுதான். மறுத்தவர்களுக்குக் கசையடி, அப்புறம் 1806 ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. "இது தப்பு" என்று அந்தச் சிப்பாய் எதை வைத்துச் சொன்னான்? ராணுவ விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் கிடையாது.

ஆனால் ஆஸ்டின் கட்சி அநியாயத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. சட்டம் இருக்கிறதா என்பது வேறு, அது நல்லதா என்பது வேறு என்கிறார்கள், அவ்வளவுதான்.

வழக்கு நடத்த, பத்திரம் எழுத இயற்றிய சட்டம் போதும். அந்தச் சட்டமே சரியா என்று கேட்கத் துணிந்தால், இயற்கைச் சட்டம் இல்லாமல் எனக்குக் கை ஓடாது.