பைபாஸுக்குப் பிறகு நினைவாற்றல் பயிற்சி: 14 மாத அனுபவம்

இதய பைபாஸ் அறுவை முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரம், பேத்தியைக் கூப்பிட வாயெடுத்தேன், பெயர் வரவில்லை. செய்தித்தாளில் ஒரே பத்தியை நாலு தடவை படித்தும் மனத்தில் நிற்கவில்லை. வயதாகிவிட்டது என்றார்கள் வீட்டில். கையெழுத்து வாங்கும்போது ரத்தப்போக்கு, பக்கவாதம் எல்லாம் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை. அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது.

மகன்தான் ஓர் ஆய்வைத் தேடிக் காட்டினான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001ல் வெளியிட்டது. பைபாஸ் செய்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கு வீடு திரும்பும்போது சிந்தனைத்திறன் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது 24க்கு இறங்கி, ஐந்தாண்டில் மறுபடி 42க்கு ஏறியது. ஆக, எனக்கு வந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு தானாகவே வந்திருக்கலாம். ஆனால் அந்த 42ஐ நினைத்துத்தான் பயிற்சியை விடாமல் செய்கிறேன்.

முதல் இரண்டு மாதம் டேப்லெட்டில் பயிற்சி. ஒரே மாதிரிச் சீட்டுகளை ஜோடி சேர்ப்பது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது. மதிப்பெண் ஏறியது, ஆனால் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போனால் மஞ்சள்தூளை மறந்துவிட்டு வந்தேன். விளையாட்டில் கெட்டிக்காரன் ஆனேன், அவ்வளவுதான்.

அதைச் சொன்னதும் பயிற்சி தந்த தெரபிஸ்ட் முறையை மாற்றினார். அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே 100லிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 79ஐத் தாண்டமாட்டேன். நான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், கணக்கு தமிழில்தான் ஓடும். கேட்டுப் பார்த்தேன், சரி என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு என்று மடமடவென வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. விடைகளைத் தாளில் வைத்துக்கொண்டு என் மனைவி சரிபார்த்தாள். உங்கள் மொழியில் செய்யலாமா என்று கேளுங்கள், தயங்காதீர்கள்.

சந்தைக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கிளம்புமுன் கண்ணை மூடி, நான் நடக்கும் வரிசையிலேயே கடைகளை நினைத்து, வாசல் கடையில் கறிவேப்பிலை, அடுத்ததில் சுரைக்காய், மூலையில் வஞ்சிரம் என்று ஒவ்வொன்றாக வைப்பேன். இப்போது ஆறு பொருள் தாளில்லாமல் வாங்கிவருகிறேன். கோப்பிக் கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் இன்னும் தடுமாற்றம்தான். மாத்திரையை நினைவை நம்பி விடுவதில்லை. கிழமை எழுதிய பெட்டியில் போட்டு வைக்கிறேன்.

அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள், முன்னதாகவே ஒரு நினைவாற்றல் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படி எடுக்கவில்லை. அதனால் பழைய நிலைக்கு எவ்வளவு திரும்பியிருக்கிறேன் என்று இன்றுவரை அளந்து சொல்ல வழியில்லை.