விபத்து இழப்பீடு: பிரிவு 164-ஆ, பிரிவு 166-ஆ, காவல் நிலையச் சமரசமா?

அடிபட்டவர் அறுவை அரங்கிலிருந்து வெளியே வருவதற்குள்ளேயே இழப்பீட்டுப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "வழக்கு எதற்கு, மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம்" என்பார் எதிர்த்தரப்பு ஆள். இன்ஷூரன்ஸில் உடனே ஒரு தொகையை வாங்கிவிடலாம் என்பார் உறவினர். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள் என்பார் வழக்கறிஞர். எந்தப் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, கைக்கு வரும் தொகை பல மடங்கு மாறும்.

காவல் நிலைய வாசலில் பேசி முடிக்கும் சமரசத்தை, எலும்பு முறிந்த எந்த வழக்கிலும் நான் ஏற்கமாட்டேன். மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். எனவே உண்மையில் பணம் தரவேண்டியது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்தான். அதை விட்டுவிட்டு ஓட்டுநரின் சட்டைப்பையில் இருப்பதை வாங்கிக்கொண்டு, முதல் தகவல் அறிக்கையும் இல்லாமல் வீடு திரும்பினால், மூன்று மாதம் கழித்து எலும்பு கூடவில்லை என்று மருத்துவர் சொல்லும்போது கேட்பதற்கு ஆளே இருக்காது.

மீதி இரண்டும் மோட்டார் வாகனச் சட்டம் தரும் வழிகள். பிரிவு 164-இன் கீழ் யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும், சிராய்ப்பு அடங்காது. விரைவும் நிச்சயமும் இதன் பலம். ஆனால் காப்பீட்டு நிறுவனம் பேசித் தீர்க்கும் 149-ஆம் பிரிவின் நடைமுறைப்படி இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், இரண்டாவது வழியான பிரிவு 166-இன் கீழ் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். இதை வாங்கி வைத்துக்கொண்டு அதையும் நடத்தலாம் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிவு 166-இல் எதிர் வாகனத்தின் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும், காலமும் பிடிக்கும். ஆனால் கணக்கு அடிபட்டவரின் வயது, வருமானம், தொழிலிலிருந்து பிறக்கிறது. 32 வயதுத் தச்சர் ஒருவர் மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கிறார், விபத்தால் வேலை செய்யும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2,16,000. சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,02,400. அதில் 40 சதவீத இழப்பு 1,20,960. ஆண்டு இழப்பை எத்தனை மடங்காகக் கணக்கிடுவது என்று வயதை வைத்துச் சொல்வது பெருக்கெண்; அந்த வயதுக்கு அது 16. பெருக்கினால் 19,35,360 ரூபாய். மருத்துவச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் தனி. இதே மனிதருக்கு 164 தருவது இரண்டரை லட்சம்!

இங்கே ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதம் மட்டும் முடிவல்ல. இடது கையை இழந்த எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம். தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும். 2010-இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொழிலுக்கு நேர்ந்த இழப்பை உங்கள் தரப்பு எடுத்துச் சொன்னால்தான் தீர்ப்பாயம் அதை எடைபோட முடியும்.

அப்படியானால் 164 யாருக்கு? சிக்னலை மீறிச் சாலையைக் கடந்தவருக்கு, சாட்சியே இல்லாதவருக்கு, வயது முதிர்ந்தவரை இழந்த குடும்பத்துக்கு. 65 வயதுக்கு மேல் பெருக்கெண் 5-ஆகக் குறைந்துவிடுவதால், வருமானம் குறைவாக இருந்தவர் என்றால் 166-இன் கணக்கு 5 லட்சத்தைத் தாண்டாமலேயே போகலாம். சம்பாதிக்கும் வயதில் நிரந்தரப் பாதிப்பு என்றால் 166-தான். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் பிரிவு 161-இன் கீழ் தனித் திட்டம் உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே 166 மனு போடலாம். 2019-இன் திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசி முடிப்பது நல்ல வழி; ஒத்துவராவிட்டால் வழக்கு பழையபடி தொடரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. எனவே ஊனச் சான்றிதழ் கைக்கு வந்தபின் பேசுங்கள்.

எந்த வழியானாலும் எல்லாம் முதல் நாள் இரவே தொடங்குகிறது. அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதும்போது, "எப்படி ஆயிற்று?" என்று மருத்துவர் கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்பார். அதுவே பதிவாகும். பின்னால் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைக் காட்டி, வேறு வாகனம் மோதவே இல்லை என்று வாதாடுவார். எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து, எந்த இடத்தில் மோதியது என்று தெரிந்ததை நிதானமாகச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். நண்பரின் பைக்கை இரவல் வாங்கி ஓட்டியவர் தானே சறுக்கி விழுந்தால், சட்டம் அவரை உரிமையாளரின் இடத்தில் வைத்துப் பார்க்கிறது. அந்த பைக்கின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து அவருக்கு இழப்பீடு வராது. சொந்த வண்டியானாலும் இதே கதைதான். உரிமையாளரே ஓட்டும்போது உயிரிழப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் கைகொடுப்பது 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. அது உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா, ஓட்டுநர் உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.