சிரிப்புக் கதைக்கு எது தோது: புளியமரத்துப் பேயா, சுடலைமாடனா?

திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் நகைச்சுவைப் பேய்க்கதை நடக்கிறது என்றால் எழுதுபவருக்கு இரண்டு வழி உண்டு.

புளியமரத்துப் பேய்க்குப் பீடம் கிடையாது, கொடை என்கிற கோயில் திருவிழா கிடையாது, பெரும்பாலும் பெயரும் கிடையாது. அதற்குப் பல்வலி வரலாம், கடைசி பஸ்ஸைத் தவறவிடலாம், "ஏல, பீடி இருக்கா?" என்று கேட்கலாம். யார் மனமும் புண்படாது. மூன்று பக்கத்தில் முடியும் கதைக்கு இது போதும்.

சுடலைமாடன் அப்படியல்ல, அந்தப் பக்கத்தில் கும்பிடும் காவல் தெய்வம். வில்லுப்பாட்டில் அவருக்கு முழு வரலாறே இருக்கிறது: கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றவர். கொடையன்று நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். படையலில் சுருட்டும் சாராயமும் இருக்கும். இவரைக் கோமாளியாக்கினால் கதை அங்கேயே செத்துவிடும். கும்பிடுகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. சிரிப்பு சுற்றியிருக்கும் மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும். கொடை வரி கேட்டு ஆள் வந்தால் கொல்லைப்புறம் வழியாக நழுவும் மாமா இருக்கிறார். மகனின் வேலைக்குக் குறி கேட்டு, சொன்னது பிடிக்காமல் அடுத்த சாமியாடியிடம் போகும் அத்தை இருக்கிறாள். மாடன் சுருட்டைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் சரி.

எனக்கு மாடன் கதைதான் பிடிக்கும். புளியமரத்துப் பேயை எந்த ஊருக்கும் மாற்றிவிடலாம், இவரை முடியாது. ஆனால் ஒரு கொடையையாவது விடிய விடிய உட்கார்ந்து பார்க்காமல் இதை எழுத ஆரம்பிக்க வேண்டாம்.