பழவேற்காடு கடலோர வீடு: பல வருஷமா போய் தங்குறவங்களோட அனுபவம்

பீச் ஓரமா வீடு எடுத்து ரெண்டு நாள் தங்கணும்னு யாராவது கேட்டா எங்க தெருவுல எல்லாரும் சென்னைக்கு தெற்கால இருக்கற ஈசிஆர் பக்கம் தான் கைகாட்டுவாங்க. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு வடசென்னை பக்கம் இருக்கறவங்க ஊரையே குறுக்கால கடந்து ட்ராஃபிக்ல நொந்து நூலாகி அங்க போய் சேர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும், ஆனா நம்ம பக்கமே வடக்கால போனா பழவேற்காடு இருக்கு. நாங்க குடும்பமா பல வருஷமா ஒரே வீட்டுல தான் போய் தங்குறோம். ஓனர் நல்லா வெச்சிருந்த காலமும் பாத்துட்டோம், கண்டுக்காம விட்ட காலமும் பாத்துட்டோம். அதனால ஒரு தடவை போயிட்டு வந்து அஞ்சு ஸ்டார் போடுற மாதிரி இல்லாம நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன்.

வீடு பழவேற்காடு ஊருக்குள்ள இல்ல, பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம். ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, முன்னாடி நீளமா திண்ணை, பின்னாடி சவுக்குத் தோப்பு, அவ்ளோ தான். ஸ்விம்மிங் பூல், ரூம் சர்வீஸ் எதுவும் கிடையாது. ஆனா இடம் இருக்கு பாருங்க, அது ஒரு நீளமான மணல் திட்டு, கிழக்கால நடந்தா கடல், மேற்கால நடந்தா ஏரி. காலைல கடல்ல சூரியன் எழும்புறத பாத்துட்டு சாயங்காலம் அதே வீட்டுல இருந்து இந்தப் பக்கம் வந்தா ஏரி மேல இறங்குறத பாக்கலாம். ஈசிஆர்ல எவ்ளோ காசு குடுத்தாலும் இத மாதிரி ஈஸியா கிடைக்காது, நான் இந்த வீட்ட விடாததுக்கு முதல் காரணமே இது தான்.

இப்போ குறை. உப்புக்காத்து இருக்கே, அது வீட்ட தின்னுடும். நாங்க மொதல்ல போனப்போ ஜன்னல் கிரில் எல்லாம் புதுசா பளபளன்னு இருந்துச்சு, ரெண்டு மழை சீசன் தாண்டினதும் பெயிண்ட் பொரிஞ்சு துரு உதிர ஆரம்பிச்சுடுச்சு, தாழ்ப்பாள் இறுகிப் போய் தேங்கா எண்ணெய் விட்டு தான் தொறக்க வேண்டியதா இருந்துச்சு. ஃபேன் ரெகுலேட்டர், ஸ்விட்ச் எல்லாம் அடிக்கடி மக்கர் பண்ணும். நடுவுல கொஞ்ச காலம் மெத்தை எல்லாம் ஒரே ஈர வாசனை, எங்க மாமியார் பாய விரிச்சு திண்ணைல தான் படுத்தாங்க. நாங்க விடாம சொல்லிக்கிட்டே இருந்ததுல ஓனர் கிரில்ல எடுத்துட்டு மர ஜன்னல் போட்டாரு, இன்வெர்ட்டர் வெச்சாரு, மெத்தைக்கு ரெக்சின் உறை போட்டாரு. இப்போ நல்லா இருக்கு. கடலோர வீடு புக் பண்றவங்க ஃபோட்டோவ பாத்து ஏமாறாதீங்க, போன மாசம் எடுத்த ஃபோட்டோ அனுப்ப சொல்லுங்க, அதுலயும் ஜன்னலையும் பாத்ரூம் குழாயையும் எடுத்து அனுப்ப சொல்லுங்க. அந்த ரெண்டும் நல்லா இருந்தா ஓனர் வீட்ட பாத்துக்கறாருன்னு அர்த்தம்.

தண்ணி போர் தண்ணி தான், கரிக்கும். சோப்பு நுரைக்காது, தலைக்கு குளிச்சா முடி கயிறு மாதிரி ஆயிடும். குடிக்க சமைக்க கேன் தண்ணிய பொன்னேரியிலயே வாங்கி வண்டில ஏத்திக்கோங்க. கொசு சாயங்காலம் ஆறு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் பேஜாரு, அப்புறம் காத்து திரும்பினா குறையும்.

சாப்பாட்டுக்கு வர்றேன், ஏன்னா எங்க வீட்டுல பாதி பேர் அதுக்காக தான் வர்றாங்க. வீட்ட பாத்துக்கற அக்கா பக்கத்து குப்பத்துக்காரங்க, நாம மீன் வாங்கி குடுத்தா அவங்களே கொழம்பு வெச்சு குடுத்துடுவாங்க. ஏரி மீனு ருசியே வேற, மடவை, கிழங்கான், எறா, நண்டு எல்லாம் அன்னிக்கு பிடிச்சது அன்னிக்கே. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம்ல காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கட்டிப் போட்டுருப்பாங்க, மீன் விலை எகிறிடும், அப்போ கூட இங்க ஏரில சின்னப் படகுல பிடிக்கறது கிடைக்கும். அக்கா நண்ட ஆயறத பக்கத்துல உக்காந்து பாக்கணும், வயித்துப் பக்கம் இருக்கற மடிப்ப கட்டைவிரலால நெம்பி ஓட்ட ஒரே இழுப்புல பிரிச்சு, பெரிய கால மட்டும் அம்மிக்குழவியால லேசா தட்டி விடுவாங்க, உடையக்கூடாது, கீறல் தான் விடணும், அப்போ தான் மசாலா உள்ள இறங்கும். எங்க பொண்ணு அவங்க கிட்ட இருந்து தான் கத்துக்கிட்டா.

ஏரில தண்ணி கம்மியா இருக்கற நேரம் போனீங்கன்னா இருளர் பெண்கள் முட்டியளவு தண்ணில குனிஞ்சு சேத்துக்குள்ள கையால தடவியே எறா பிடிக்கறத பாக்கலாம். வலை கிடையாது, ஒண்ணும் கிடையாது. பனை ஓலைல முடைஞ்ச பறிய வாயில கடிச்சுக்கிட்டு ரெண்டு கையும் சேத்துல, பிடிச்சத அப்படியே பறில போட்டுக்கிட்டே நகர்ந்து போவாங்க. கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க, அது அவங்க வேலை நேரம். அவங்க கிட்டயே நேரா எறா வாங்குங்க, பேரம் பேசாதீங்க.

படகு விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா சொல்லுவேன். கரைல நின்னா யாராவது ஒருத்தர் வந்து ஏரி சுத்திக்காட்டறேன், ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரம் கூட்டிட்டு போறேன்னு கூப்பிடுவாங்க. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்க படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க, பிக்னிக் வந்த குடும்பங்க. அதுக்கப்புறம் தான் சுற்றுலாப் படகுக்கு தடை போட்டாங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம கொழந்தைங்கள ஏத்திட்டு போறத இப்பவும் பாக்கறப்போ வயிறு கலங்குது. நாங்க ஏறவே மாட்டோம். கடல்லயும் கால் நனைக்கறதோட சரி, முகத்துவாரம் பக்கம் இறங்கவே கூடாது, ஏரித்தண்ணி கடலுக்கு இழுக்கும், கடல் திரும்ப உள்ள தள்ளும், மேல பாத்தா அமைதியா இருக்கும். அக்கா எங்க பசங்கள பாத்து "இன்னா பா, தண்ணி வத்துது, உள்ள போவாத"ன்னு ஒரு சத்தம் போட்டா நாங்க எல்லாருமே ஏறி வந்துடுவோம்.

பறவைக்கு மார்கழி, தை தான் சீசன். ஒடிசாவுல இருக்கற சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி இது தான், பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. பூநாரை கூட்டம் பாக்கணும்னா விடியகாலைல அண்ணாமலைச்சேரி பக்கம் போங்க, தூரத்துல வெள்ளையா கோடு போட்ட மாதிரி தெரியும், பறக்கறப்போ தான் றெக்கைக்குள்ள இருக்கற ரோஸ் கலர் தெரியும். பைனாகுலர் இல்லாம போனா பசங்க ஏமாந்துடுவாங்க. கிட்டக்க பாக்கணும்னா ஒரு நாள் ஒதுக்கி சூளூர்பேட்டை போய் ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுல வண்டிய ஓரம் கட்டுங்க, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏரி தான். அங்க இருந்து நேலப்பட்டு போனா கூழைக்கடா கூடு கட்டி இருக்கறத மரத்து மேல பாக்கலாம்.

ராக்கெட் விடுற நாள் பாத்து புக் பண்ணா அது தனி சந்தோஷம். 2023 ஜூலை 14 சந்திரயான்-3 போனப்போ நாங்க கடற்கரைல நின்னோம், மத்தியான வெயில், வடக்கால ஒரு நெருப்பு எழும்பி புகைய விட்டுக்கிட்டு மேல போவுது, சத்தமே இல்ல, ஒரு நிமிஷத்துக்கும் மேல கழிச்சு தான் அந்த உறுமல் வந்துச்சு, நெஞ்சுக்குள்ள அதிர்ந்துச்சு. அந்த மாதிரி நாள்ல மீனவங்கள கடலுக்கு விட மாட்டாங்க, நமக்கு வேடிக்கை, அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதையும் பசங்களுக்கு சொல்லுங்க.

ஊருக்குள்ள டச்சுக்காரங்க கல்லறை கண்டிப்பா பாக்கணும். தொல்லியல் துறை பராமரிக்கற இடம், வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்கும், உள்ள 1600கள்ல செத்தவங்களோட கல்லுல எழுத்து இன்னும் கூர்மையா இருக்கு, விரல் வெச்சு தடவி படிக்கலாம். 1613ல அவங்க கட்டின கெல்டிரியா கோட்டை இப்போ வெறும் மேடும் முள்ளுப்புதரும் தான், அதுக்குன்னு தனியா மெனக்கெட வேண்டாம். இங்க இருந்து துணி மட்டும் போகல, அடிமையா மனுஷங்களையும் கப்பல்ல ஏத்தி பட்டாவியாவுக்கு, அதாவது இப்போதைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினாங்க, அத சொல்ற பலகை ஒண்ணு அங்க இருக்கணும்னு ஒவ்வொரு தடவையும் எனக்கு தோணும். ஆதிநாராயணப் பெருமாள் கோவில்ல செம்மண் நிறக் கல்லுல ராமாயணக் காட்சிங்க உள்ளங்கை அளவுக்கு செதுக்கி இருக்காங்க, கொஞ்சம் நின்னு பாருங்க. பள்ளிவாசல்ல ஒரு நிழல் கடிகாரம் இருக்கு, தொழுகை நேரம் இல்லாதப்போ கேட்டா காட்டுவாங்க. அப்படியே அங்க பெண்கள் பின்ற பனை ஓலைக் கூடை, பெட்டி வாங்கிக்கோங்க, எங்க வீட்டுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கற கூடை இன்னும் பிரியல.

யாருக்கு இந்த வீடு செட் ஆவாதுன்னும் சொல்லிடறேன். ஏசி இல்லாம தூங்க முடியாதவங்க, வயசானவங்களுக்கு உடனே டாக்டர் வேணுங்கறவங்க யோசிச்சு போங்க, ராத்திரில ஏதாவதுன்னா பொன்னேரி வரைக்கும் வரணும். ஐப்பசி, கார்த்திகை மாசம் புயல் சீசன், அப்போ புக் பண்ணாதீங்க, ஓனர் ரேட் குறைச்சு குடுத்தாலும் வேண்டாம்.

வண்டி இல்லாதவங்க கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல பொன்னேரில இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு, அங்க இருந்து ஷேர் ஆட்டோ. கார்ல வர்றவங்க போறப்போ விடியகாலைல எண்ணூர், மீஞ்சூர் வழியா போங்க, ரோடு காலியா இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பறப்போ மட்டும் அந்த வழி வேண்டாம், துறைமுகத்துக்கு போற கன்டெய்னர் லாரி வரிசைல மாட்டிக்குவீங்க. பொன்னேரில இருந்து தச்சூர் கூட்டுரோடு வந்து ஜிஎன்டி ரோட்ட, அதான் கொல்கத்தா ஹைவேய பிடிச்சு செங்குன்றம், மாதவரம் வழியா வாங்க, கிலோமீட்டர் கூட தான், ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம்.