பேப்பர் மில்லுக்கு நாலு-கேஸ் மீட்டர்: வாங்கலாம், ஆனால் சிலிண்டரோடு சேர்த்து

கழிவுக் காகிதத்தில் கிராஃப்ட், அதாவது அட்டைப்பெட்டிக்கான பழுப்புக் காகிதம், ஓட்டுகிற எங்கள் மில்லுக்குப் போன வருஷம் ஒரு நாலு-கேஸ் மீட்டர் வாங்கினோம். தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற காற்றைப் பார்க்கிற கருவி. பம்ப் உள்ளேயே இருக்கிற மாடல். கூடவே சட்டையில் மாட்டிக்கொள்கிற ஒற்றை-கேஸ் கிளிப்புகளும் சில. பிராண்டைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே நான் குறை சொல்லப் போகிற விஷயங்களில் பாதி எல்லா பிராண்டுக்கும் பொருந்தும், மீதி டீலர் செய்த வேலை. மீட்டர் நல்ல மீட்டர்தான், வாங்குங்கள். ஆனால் இதை விற்கிறவர்கள் பெட்ரோல், கெமிக்கல் கம்பெனிகளுக்கு விற்றுப் பழகியவர்கள். கூழ்த் தொட்டிக்குள் இந்தச் சாமான் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களிடம் கேட்டால் கேட்லாக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள், அதில் அது இல்லை.

எங்களுக்கு எதுக்குங்க கேஸ் மீட்டர், நாம என்ன மரத்தையா வேக வைக்கிறோம் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சல்ஃபர் போட்டுச் சமைக்கிற பெரிய ஆலைகளில்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷ வாயு வரும், பழைய அட்டைப்பெட்டியைக் கரைக்கிற இடத்தில் என்ன வரப்போகிறது என்பது அவர்கள் கணக்கு. பழைய அட்டையில் ஸ்டார்ச் இருக்கிறது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, வெளியே விடக் கூடாது என்பதால் அதே பேக்வாட்டரை, அதாவது கூழிலிருந்து வடிகிற தண்ணீரை, திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறோம். மிஷின் ஓடுகிற வரைக்கும் பெரிதாகத் தெரியாது. ஷட் விழுந்து, அதாவது மில் நின்று, கூழைக் கலக்குகிற அஜிடேட்டரும் நின்று, செஸ்ட் என்கிற கூழ்த் தொட்டியில் கூழ் அப்படியே கிடந்தால் காற்றில்லாத அடிப்பகுதியில் பாக்டீரியா வேலையை ஆரம்பித்துவிடும். அழுகின கூழில் கேஸ் கரைந்தும் சிக்கியும் கிடக்கும். மேலே மீட்டர் வைத்தால் பூஜ்யம். உள்ளே இறங்கி ஹோஸால் தண்ணீர் அடித்துக் கலைக்க ஆரம்பித்ததும், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி எல்லாம் ஒன்றாக வெளியே வரும். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்து பெர்மிட்டில் எழுதிவிட்டு மீட்டரை ஆபீசுக்குக் கொண்டுபோகிற வழக்கம் எத்தனை மில்லில் இருக்கிறதோ, அத்தனை மில்லிலும் அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தமில்லை. வேலை நடக்கிற வரைக்கும் மீட்டர் தொட்டிக்குள்ளேயே ஓட வேண்டும்.

மூக்கே போதும் என்கிற பழைய ஆட்களிடம் நான் சண்டை போடுவதில்லை, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்வேன். சல்ஃபைடின் அழுகின முட்டை வாசம் ரொம்பக் குறைந்த அளவிலேயே தெரியும், அது உண்மை. ஆனால் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் மோப்ப நரம்பே மரத்துவிடும். வாசம் நின்றுபோனதும் கேஸ் போய்விட்டது என்று நினைத்து இன்னும் உள்ளே போவார்கள். 500-ஐத் தாண்டினால் சில நிமிஷத்திலேயே தள்ளாடி விழுந்துவிடுவார்கள், இன்னும் ஏறினால் ஏணியைப் பிடிப்பதற்குக்கூட நேரம் இருக்காது. காற்றைவிடக் கனமானது வேறு, அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், நம் ஆள் நிற்பதும் அங்கேதான். 2020 மே முதல் வாரத்தில் சத்தீஸ்கரின் ராய்கர் பக்கம் ஒரு காகித ஆலையில் தொட்டி கழுவின தொழிலாளர்கள் ஏழு பேர் கேஸ் தாக்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊரடங்குக்குப் பிறகு மில்லைத் திரும்ப ஓட்டத் தயார் செய்துகொண்டிருந்த சமயம். அதே வாரம் விசாகப்பட்டினத்தில் நடந்த வாயுக் கசிவு அதைவிடப் பெரியது என்பதால் இந்தச் செய்தி அப்படியே அமுங்கிவிட்டது.

சரி, மீட்டருக்கு வருகிறேன். நாலு கேஸ் என்பது ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, அப்புறம் எரியக்கூடிய வாயு. இந்தக் கடைசியை எல்.இ.எல். என்பார்கள், காற்றில் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு என்று அர்த்தம். சல்ஃபைடுக்கு அலாரம் 10 பி.பி.எம்.-இலும் 15-இலும் வைத்து வந்தது, நம் 1948 தொழிற்சாலைச் சட்ட அட்டவணையில் இருந்த அளவும் அதுதான், மாற்றத் தேவையில்லை. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கத்தும். சென்சார்கள் வேகம். முக்கியமாக சல்ஃபைடு சென்சாரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

வாங்குகிறபோது அதிகம் யோசிக்க வேண்டியது எல்.இ.எல். சென்சாரைத்தான். இதில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று சூடான மணியில் கேஸ் எரிவதை அளக்கிற பழைய வகை, இன்னொன்று அகச்சிவப்பு. அகச்சிவப்பு வகைக்கு விலை கூட, ஆயுளும் கூட, சிலிக்கோன் பட்டால் கெடாது என்று டீலர் அதைத்தான் தள்ளப் பார்ப்பார். எங்களிடமும் அப்படித்தான் பேசினார், கேட்க நியாயமாகவும் இருந்தது, ஏனென்றால் நுரையை அடக்க நாம் ஊற்றுகிற டீஃபோமர் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது, அது பழைய வகைச் சென்சாருக்கு விஷம். ஆனால் அகச்சிவப்புச் சென்சாருக்கு ஹைட்ரஜன் கண்ணுக்கே தெரியாது. மீத்தேன் தெரியும், ஹைட்ரஜன் தெரியாது. அழுகின கூழிலிருந்து வருகிற வாயுக்களில் ஹைட்ரஜனும் ஒன்று.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2008 ஜூலை 29, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், டோமஹாக் என்கிற ஊரில் ஒரு அட்டை ஆலை. எண்பது அடி உயரத் தொட்டியின் தலையில் நின்று குழாய் இணைப்பு வளையமான ஒரு ஃபிளாஞ்சை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் இருந்தது கெமிக்கல் எதுவும் இல்லை, சுற்றி வருகிற தண்ணீரும் கொஞ்சம் நாரும்தான். நம் பேக்வாட்டர் டேங்கில் இருப்பதும் அதேதான். உள்ளே பாக்டீரியா உண்டாக்கின ஹைட்ரஜன் பற்றி வெடித்து மூன்று பேர் இறந்துபோனார்கள். வெல்டிங்குக்கு முன்னால் யாரும் எரிவாயு பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு எதற்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த நாட்டு இரசாயன விபத்து விசாரணை வாரியத்தின் அறிக்கையை மெயின்டனன்ஸில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவை படிக்கலாம். ஆக, கழிவுக் காகித மில்லுக்கு அகச்சிவப்பு மட்டும் உள்ள மீட்டர் வேண்டாம். பழைய வகையையே வாங்குங்கள், அது செத்துப்போகும் என்று தெரிந்தே வாங்குங்கள், செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தினம் பாருங்கள். அதற்குத்தான் சோதனை கேஸ் சிலிண்டர், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு சென்சார்தான் எங்களைக் கொஞ்ச நாள் குழப்பிவிட்டது. ஷட்டுக்குப் பிறகு செஸ்ட் மேன்ஹோலில் மீட்டரின் ஹோஸை விட்டால் சல்ஃபைடு குறைவாகக் காட்டும், மோனாக்சைடு மட்டும் ஏறிக்கொண்டே போய் அலாரம் அடிக்கும். அங்கே எரிகிற பொருள் எதுவுமே இல்லை, மோனாக்சைடு எங்கிருந்து வரும்? ஃபிட்டர் பையன் ஒருவன், "அண்ணா, இது சும்மா கத்துது, ஆஃப் பண்ணிட்டு இறங்கிடலாம்" என்றான். சும்மா கத்தவில்லை. சாதாரண மோனாக்சைடு சென்சார் ஹைட்ரஜனுக்கும் அசையும். அதாவது அந்தத் தப்பான எண்தான் தொட்டிக்குள் ஹைட்ரஜன் இருக்கலாம் என்பதற்கு அறிகுறி. டீலருக்கு போன் போட்டால் சென்சார் பழுது, மாற்றிவிடலாம், இவ்வளவு ஆகும் என்றார். ஹைட்ரஜனைக் கண்டுகொள்ளாத மோனாக்சைடு சென்சாரும் தனியாக விற்கிறது. நான் வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் பெர்மிட் ஃபாரத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: மூடின தொட்டியில் மோனாக்சைடு ஏறினால் ஹைட்ரஜன் என்று எடுத்துக்கொண்டு காற்றை மாற்ற ப்ளோயர் போட வேண்டும், வெல்டிங் கிடையாது.

பம்ப், ஹோஸ் விஷயம். பம்ப் உள்ள மாடல்தான் வேண்டும், இதில் பேரம் வேண்டாம். பம்ப் இல்லாததைக் கயிற்றில் கட்டி இறக்கினால் கீழே என்ன காட்டியது என்று மேலே இழுத்த பிறகுதான் தெரியும், சில சமயம் கூழிலேயே முங்கி வரும். ஆனால் பம்ப் தண்ணீரையும் உறிஞ்சும். ஹோஸ் முனையில் தண்ணீர் தடுக்கும் ஃபில்டர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், பட்டன் அளவுக்கு வெள்ளையாக இருக்கும். நம் ஊர் மில்லில் அது படுகிற பாடு தனி. நீராவியில் நனைந்து, நார் படிந்து, ஒரு நாள் வேலையிலேயே பழுப்பு நிறத்தில் ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடைத்தால் மீட்டர் பம்ப் அலாரம் கொடுக்கிறது, அது நல்லது. பாதி அடைத்தால் அலாரம் வருவதில்லை, எண் மெதுவாக ஏறுகிறது, அது ஆபத்து. பெட்டியில் உபரி ஃபில்டர் கொஞ்சம்தான் வருகிறது. ஆர்டர் போடும்போதே ஒரு பாக்கெட் சேர்த்துப் போடுங்கள். ஹோஸ் நீளத்துக்கு ஏற்ப காத்திருக்கவும் வேண்டும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் பொறுமையாக நிறுத்தி எண் நிலைத்த பிறகு எழுத வேண்டும். ஹோஸை விட்டதும் எடுத்துவிட்டு ஓகே போடுகிறவர்களிடம் மீட்டரைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

கிளிப் மீட்டர்கள் பற்றி எனக்கு இரண்டு மனசு. சல்ஃபைடுக்கு மட்டும்தான், சார்ஜ் போட வேண்டாம், இரண்டு வருஷம் ஓடி முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியது. ஆட்கள் மறுக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள், எடையே தெரியவில்லை. ஆனால் மிஷின் ஹாலில் வேக்குவம் பம்ப் சத்தத்தில், காதில் பிளக்கும் வைத்திருக்கும்போது, இதன் சத்தம் கேட்பதில்லை. அதிர்வும் லைட்டும் காப்பாற்றுகிறது, அதுவும் காலர் பக்கம் மாட்டியிருந்தால்தான். ஆனால் பான்ட் பாக்கெட்டில், ஏப்ரனுக்கு உள்ளே, ஒருத்தர் டிபன் பையில்கூட வைத்திருந்தார். ஈ.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பக்கம், மிஷின் வலைக்கு அடியிலுள்ள வயர் பிட், காகிதத்தைக் கரைக்கிற பல்பர் குழி என்று தனியாகச் சுற்றுகிற ஆட்களுக்கு இது நல்ல சாமான். தொட்டிக்குள் இறங்குவதற்கு இது மட்டும் போதாது, ஆக்சிஜனை இது பார்க்காது.

இப்போது சிலிண்டர். மீட்டர் ஆன் ஆகி எண் காட்டுகிறது என்பதால் சென்சார் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. சிலிக்கோனில் செத்த எல்.இ.எல். சென்சார் அழகாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும், சுத்தமான காற்றிலும் பூஜ்யம், வெடிக்கிற தொட்டியிலும் பூஜ்யம். தெரிந்த அளவு கேஸை அதன் மூக்கில் காட்டி அலாரம் வருகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்கான கலவை சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டும் எங்கள் கொட்டேஷனில் இல்லவே இல்லை. கேட்டபோது, "அதெல்லாம் எதுக்குங்க, வருஷத்துக்கு ஒரு தடவை நாங்களே வந்து காலிபரேஷன் பண்ணி சர்ட்டிஃபிகேட் கொடுத்துடுவோம்" என்றார். ஆடிட்டுக்கு சர்ட்டிஃபிகேட் போதும். நடுவில் எத்தனையோ ஷட் வருகிறது, எத்தனையோ பேர் உள்ளே இறங்குகிறார்கள். பிடிவாதமாகக் கேட்டு வாங்கினதும் வந்த முதல் சிலிண்டரில் காலாவதித் தேதி பக்கத்தில் இருந்தது. சல்ஃபைடு கலந்த கலவைக்கு ஆயுள் குறைவு, தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவது சிலிண்டரை வேறு கடையில் வாங்கினோம்.

தினமும் கேஸ் காட்ட ஆரம்பித்த பிறகு எல்.இ.எல். சென்சார் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவது கண்ணுக்கே தெரிந்தது. உத்தரவாதம் முடிவதற்குள் கேட்டதால் மாற்றிக் கொடுத்தார்கள். டீஃபோமர் டோசிங் பக்கம் மீட்டரைக் கொண்டுபோக வேண்டாம் என்று ஸ்டோரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்து ரப்பர் உறையைப் பளபளப்பாக்குகிற ஆர்வக்கோளாறு ஆட்களுக்கும் அதே அறிவிப்புதான்.

மீட்டர் செய்யாத வேலைகளும் இருக்கின்றன. அஜிடேட்டர் ஸ்விட்சைப் பூட்டாது. மோட்டார்களின் மெயின் ஸ்விட்சுகள் இருக்கிற எம்.சி.சி.யில் உங்கள் பூட்டு, உங்கள் சாவி, உங்கள் பேர் போட்ட டேக் இல்லாமல் கேஸ் பூஜ்யம் என்று இறங்கினால், கன்ட்ரோல் ரூமில் ஒருத்தர் பட்டனைத் தட்டுகிற வரைக்கும்தான் பாதுகாப்பு. நிப்பில், அதாவது இரண்டு உருளைகள் சேருகிற இடத்தில், கை போவதையும், காகிதத்தைச் சுற்றுகிற ரீவைண்டரில் விரல் போவதையும் இது தடுக்காது, பேப்பர் மில் காயங்களில் அதெல்லாம் பெரிய தனிக் கதை. தகுதியான ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிறவர் மூச்சுக் கருவியும் கயிறு கட்டின பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும், வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே இருந்த விஷயம். தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் உள்ளே கொண்டுபோகிற விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்பதும் அதை ஒட்டியே வந்தது. கயிறு பிடிக்கிற ஆளிடம் நான் கூடுதலாகச் சொல்வது, உள்ளே இருப்பவன் விழுந்தாலும் நீ இறங்காதே, இழு, கத்து என்பதுதான். தம்பி விழுந்ததைப் பார்த்து அண்ணன் இறங்கி இரண்டு பேரும் போன கதையைக் கேட்காத தொழிற்பேட்டை கிடையாது.

சின்ன மில்லாக இருந்து காசு யோசித்தால் கிளிப்பை விட்டுவிட்டு பம்ப் மீட்டர் ஒன்று, சிலிண்டர், ரெகுலேட்டர், ஃபில்டர் பாக்கெட் என்று வாங்குங்கள். கொட்டேஷன் கேட்கும்போதே எல்.இ.எல். சென்சார் ஹைட்ரஜனைப் பார்க்குமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம், நாளைக்கு சர்வீஸுக்கும் அவர்தான் வருவார். பேட்டரி ஒரு ஷிப்ட் தாராளமாகத் தாங்குகிறது. சார்ஜர் பின் மட்டும் ஈரத்தில் பச்சை பிடிக்கிறது, ஸ்பேர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தனியாகக் கேட்டால் வருவதற்கு ஒரு மாதம் ஆகிறது.